ஆட்லமில் 15 லாக் ஏறுவது எப்படி

இங்கிலாந்தின் செஷர் பகுதியில், ஷ்ராப்ஷர் யூனியன் கால்வாயில் ஆட்லம் ஊரை ஒட்டி 15 லாக்குகள் அடுத்தடுத்து வருகின்றன. லாக் என்பது இரு முனையிலும் கதவு வைத்த தொட்டி; மதகு வழியே நீரை நிரப்பியோ வடித்தோ படகை ஏற்றி இறக்கும். படகை மொத்தம் 28 மீட்டர் மேலே தூக்கிவிடும் தண்ணீர்ப் படிக்கட்டு இது. பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்ட் வகுத்த பாதை, 1835இல் திறக்கப்பட்டது. இங்கே ஓடும் ஒடுங்கிய நீளப் படகான நேரோபோட்டின் அகலம் 6 அடி 10 அங்குலம், லாக்கின் அகலமோ 7 அடிக்குச் சற்றே கூடுதல். பக்கவாட்டில் இரண்டு விரல் இடம் மிஞ்சினால் அதிகம்.

நேரக்கணக்கு எளிது: மைலையும் லாக்கையும் கூட்டி மூன்றால் வகுங்கள். 2 மைல், 15 லாக் என்றால் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் அவசரமில்லை.

எஞ்சினைப் போடும் முன் ஆயில், கூலன்ட் இரண்டையும் பாருங்கள். சுக்கான் பிடியை இடதுபக்கம் தள்ளினால் படகு வலதுபக்கம் திரும்பும்; அதுவும் நீருக்கடியில் படகைத் தள்ளும் விசிறி சுழன்றால்தான். பிரேக் கிடையாது, ரிவர்ஸ்தான். ரிவர்ஸில் சுக்கான் பேச்சைக் கேட்காது. எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்குங்கள். வேக வரம்பு மணிக்கு 4 மைல். கட்டி நிற்கும் படகுகளைத் தாண்டும்போது அதைவிடவும் குறையுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் படகைக் கட்டக் கரையில் அடித்த முளைக்குச்சி பிடுங்கிக்கொண்டு வரும், கூடவே வசவும்.

இந்தக் கால்வாயின் தனிக்குணம், லாக்கைச் சுற்றி வழியும் உபரிநீர். லாக்கின் கீழ்வாசலுக்குச் சற்று முன்னால் பக்கவாட்டிலிருந்து அது பாய்கிறது. நம் மீனவர்கள் அணியம் என்று சொல்லும் முன்பக்கத்தை அது எதிர்க்கரைக்குத் தள்ளிவிடும். பயந்து மெதுவாகப் போனால்தான் தள்ளும். அணியத்தை நீர் வரும் பக்கம் லேசாகச் சாய்த்து, கொஞ்சம் வேகம் கொடுத்து நுழையுங்கள். பின்பக்கமான அமரம் அந்த நீரோட்டத்தைத் தாண்டியதும் குறைத்துவிடலாம்.

ஏறும்போது லாக் காலியாக இருக்க வேண்டும். நிரம்பியிருந்து மேலிருந்து யாராவது வருவது தெரிந்தால், காத்திருந்து அவர்களை இறங்கவிடுங்கள். ஒருமுறை காலிசெய்தால் ஏறத்தாழ 90,000 லிட்டர் வீணாகக் கீழே போகும். படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவுகளை, அவற்றிலிருந்து கரைமேல் நீண்டிருக்கும் உத்தரத்தில் முதுகு கொடுத்துத் தள்ளி மூடி, கீழ்மதகுகளையும் இறக்குங்கள். பிறகுதான் மேல்மதகு. வின்ட்லாஸ் என்கிற எல் வடிவக் கைப்பிடியை மதகின் அச்சில் மாட்டி முதலில் பாதி மட்டும் சுற்றுங்கள். முழுதாகத் திறந்தால் படகு முன்னும் பின்னும் அடித்துக்கொள்ளும். படகு அமைதியானதும் மீதி. பற்சக்கரத்தில் தடுப்பு விழுந்ததைக் கண்ணால் பார்த்தபின் வின்ட்லாஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அச்சிலேயே விட்டிருக்கும்போது தடுப்பு நழுவினால் அது காற்றாடிபோல் சுழன்று பறக்கும். பிடிக்கக் கை நீட்டினால் எலும்பு முறியும். விலகி நில்லுங்கள்.

மதகடியில் நிற்பவரின் கண் தண்ணீரில் அல்ல, சுக்கான் பிடித்தவர்மேல் இருக்க வேண்டும். அவர் கை தூக்கினால் உடனே மதகை இறக்கவேண்டும். ஏறும்போது அணியம் மேல்கதவின் குறுக்குக் கட்டையடியில் மாட்டிக்கொண்டால் முன்பக்கம் தண்ணீருக்குள் போய்விடும்.

இறங்கும்போது ஆபத்து பின்னால். மேல்கதவை ஒட்டி லாக்குக்குள் நீண்டிருக்கும் நிலைப்படி, நீர் வடிந்தபின்தான் தெரியும். அமரம் அதன்மேல் உட்கார்ந்தால் முன்பக்கம் மட்டும் இறங்கிப் படகு மூழ்கும். அமரம் பக்கச்சுவரின் வெள்ளைக் குறியைத் தாண்டி முன்னே இருக்கும்படி நில்லுங்கள். மாட்டிவிட்டதா? முதலில் கீழ்மதகுகளை மூடுங்கள். பின் மேல்மதகை மெதுவாகத் திறந்து லாக்கை நிரப்புங்கள். கயிற்றைக் கரையில் இறுகக் கட்டியிருந்தாலும் இதே கதிதான்.

வழியில் வேகம் குறைந்து பின்னால் தண்ணீர் கொதித்தால் விசிறியில் பாலிதீனோ கயிறோ சுற்றியிருக்கும். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அமரத்தில் விசிறிக்கு நேர்மேலே உள்ள மூடியைத் திறந்து கத்தியால் அறுத்தெடுங்கள். மூடியை இறுக்கிய பிறகே எஞ்சின். தளர்வாக இருந்தால் விசிறி வாரியடிக்கும் தண்ணீர் எஞ்சின் அறையை நிரப்பிவிடும்.