பள்ளியில் ஒரு குழந்தை சொன்னதும்: போக்சோ புகாரில் யார் எதைச் செய்ய வேண்டும்

பாலியல் துன்புறுத்தல் பற்றி ஒரு குழந்தை வகுப்பாசிரியரிடம் வாய் திறந்துவிட்டால், அதன்பின் ஆசிரியர், காவலர், மருத்துவர், குழந்தைகள் நலக் குழுவினர் எனப் பலரும் அதனிடம் பேச வேண்டியிருக்கும். நடந்ததை ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லும் கொடுமைக்கு அந்தக் குழந்தையை ஆளாக்காமல் இருப்பதே இவர்கள் அனைவரின் பொதுப் பொறுப்பாகும்.

ஆசிரியர் குறுக்கிடாமல் கேட்டு, குழந்தையின் சொற்களையே தேதி, நேரத்துடன் எழுதிக்கொள்ள வேண்டும். "மாமா அங்க தொட்டாரு" என்று குழந்தை சொன்னால் அப்படியே எழுத வேண்டுமே தவிர, நாகரிகம் கருதி மாற்றக் கூடாது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்குறுதியும் கொடுக்கக் கூடாது, ஏனெனில் அதைக் காப்பாற்ற முடியாது. உண்மையா பொய்யா என்று விசாரிப்பதும், குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்துக் கேட்பதும் பள்ளியின் வேலையன்று.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டமான போக்சோவின் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததை அறிந்தவரும் நடக்கக்கூடும் என அஞ்சுபவரும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டோம் என்று ஆசிரியர் நின்றுவிடக் கூடாது. தகவல் தராதவருக்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. நல்லெண்ணத்துடன் தகவல் தருபவருக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. தயக்கமிருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைத்து வழிகாட்டுதல் பெறலாம்.

வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் காவல் அதிகாரி, சீருடையின்றிப் பதிவுசெய்ய வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதிவாகவில்லை என்பதற்காக மருத்துவர் பரிசோதனையைத் தள்ளிப்போட முடியாது. சிறுமியைப் பெண் மருத்துவரே, பெற்றோர் அல்லது குழந்தை நம்பும் ஒருவர் உடனிருக்கப் பரிசோதிக்க வேண்டும். அடிப்படை விவரங்களைக் காவலர் முன்னதாகவே மருத்துவரிடம் தெரிவித்துவிட்டால், சிகிச்சைக்குத் தேவையானதை மட்டும் குழந்தையிடம் கேட்டால் போதும். இந்த ஒரு செயல் பல மணி நேர வேதனையைத் தவிர்க்கும்.

காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் அதே வீட்டில் வசிப்பவரானால், குழந்தையை அங்கிருந்து அகற்ற வேண்டுமா என்பதைக் குழு மூன்று நாட்களுக்குள் தீர்மானிக்கும். குழு நியமிக்கும் ஆதரவு நபர், விசாரணையின்போதும் வழக்கு நடைபெறும்போதும் உடனிருந்து, வழக்கு எந்த நிலையில் உள்ளது என்பதைக் குடும்பத்துக்குத் தெரிவித்துவருவார்.