அவசரபுத்தி உள்ளவர்கள் கல்யாணத்தில் சறுக்காமல் இருக்க

"எப்படி நடந்ததுன்னே தெரியல" என்று துணையை ஏமாற்றி வேறொருவரோடு பழகி மாட்டிக்கொண்டவர் சொல்வதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. பலருக்கு அது திட்டம் போட்டுச் செய்ததாக இருக்காது, ஆனால் அதற்கு முன்னால் ஒரு ஐம்பது மெசேஜ் போயிருக்கும்.

1997இல் அமெரிக்க உளவியலாளர்கள் டேவிட் பஸ், டாட் ஷாக்கல்ஃபோர்ட் இருவரும், கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாத 107 தம்பதிகளின் குணத்தை அளந்து, அடுத்த ஒரு வருடத்தில் வழிதவற எவ்வளவு வாய்ப்பு என்றும் கேட்டார்கள். தன்னையே பெரிதாக நினைப்பவர்கள், பொறுப்புணர்வு குறைந்தவர்கள், அப்புறம் உந்துதலை அடக்கத் தெரியாதவர்கள், இவர்களுக்கு வாய்ப்பு அதிகம் என்று வந்தது. அவர்களே சொன்ன கணிப்புதான் அது, நடந்ததை எண்ணிய கணக்கு இல்லை. அதனால் இதை வைத்து யாருக்கும் ஜாதகம் எழுதிவிட வேண்டாம்.

சரி, முதல் வேலை, உங்கள் அவசரம் எந்த ரகம் என்று பாருங்கள். சிலர் மனசு கொதிக்கும்போது மட்டும் கட்டுப்பாடு இழப்பார்கள். வீட்டில் சண்டை போட்டுவிட்டு அதே சூட்டில், ஆறுதலாகப் பேசும் ஒருவருக்கு போன் போடுகிறவர்கள் இவர்கள். இவர்கள் சண்டைக்குப் பிறகு ஒரு மணி நேரம் போனைத் தொடாமல், தெருவில் நடந்துவிட்டு வந்தாலே பாதி ஆபத்து போய்விடும். இன்னொரு ரகத்துக்கு சண்டையே தேவையில்லை, வாழ்க்கை சப்பென்று இருந்தால் போதும், புதுசாக ஏதாவது வேண்டும். அவர்களிடம் அடக்கிக்கொள் என்று சொல்லிப் பயனில்லை, அந்தத் தேடலுக்கு மலையேற்றமோ நாடகமோ வேறு வழி காட்ட வேண்டும், முடிந்தால் துணையையும் கூட்டிக்கொண்டு. யோசிக்காமல் பதில் போட்டுவிடுகிறவர்களுக்கு வைத்தியம் சின்னது: நோட்டிஃபிகேஷனை நிறுத்துங்கள்.

அடுத்து, நிதானமாக இருக்கும்போதே முடிவை எடுத்து வையுங்கள். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் சொன்ன முறை இதற்குப் பொருந்தும்: "இது நடந்தால், இதைச் செய்வேன்." உதாரணமாக, "அவர் ராத்திரி பத்துக்கு மேல் மெசேஜ் போட்டால், காலையில் ஆபீஸ் போய்த்தான் பதில்." "வெளியூர் மீட்டிங்கில் குடிக்க உட்கார்ந்தால், ஒரு கிளாஸோடு நிறுத்திவிட்டு அறைக்குப் போய்விடுவேன்." நல்லவனாக இருப்பேன் என்ற பொதுவான சபதம் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வராது, இந்த மாதிரி ஒரு வரி வரும்.

எல்லை எங்கே என்று குழம்பினால் எளிதான சோதனை ஒன்று இருக்கிறது. எந்த மெசேஜை அழிக்கத் தோன்றுகிறதோ, அங்கேயே எல்லை தாண்டியாயிற்று. துணையிடம் சொல்ல வேண்டிய கட்டமும் அதுதான், "ஒருத்தரோட பேச்சு கொஞ்சம் அதிகமா போகுது, நிறுத்தப் போறேன்" என்று. கஷ்டம்தான், அன்றைக்கு ராத்திரி சாப்பாடு கிடைக்காமல்கூடப் போகலாம்.

பணம், வண்டி, வேலை என்று எல்லாவற்றிலும் இதே அவசரம் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமல், யோசிக்காமல் அவசரப்பட வைக்கும் மூளை வளர்ச்சி சார்ந்த குறைபாடு) போன்ற காரணம் இருந்தால் சிகிச்சை உண்டு. ஆனால் "என் குணமே அப்படி" என்று ஏற்கெனவே ஏமாற்றப்பட்டவரிடம் போய்ச் சொல்லாதீர்கள். அவர் கேட்பது மன்னிப்பு, குணவிளக்கம் இல்லை.