ஹார்ட்ஃபோர்டா, இத்தாலியா? சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரில் எந்தப் பாகம் எங்கே செய்தது என்று பார்ப்பது எப்படி

சிங்கிள் ஆக்‌ஷன், அதாவது ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால் இழுத்துச் சுடும் வகையான 1873 கோல்ட் மாதிரியின் மறுபதிப்புகளில் அதிகக் குழப்பம் தருவது யுனைடெட் ஸ்டேட்ஸ் பேட்டன்ட் ஃபயர் ஆர்ம்ஸ் நிறுவனத்தின் ரிவால்வர்கள்தான். 1990-களில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் தொடங்கியபோது, உபெர்ட்டி என்ற இத்தாலியத் துப்பாக்கி நிறுவனத்தின் பாகங்களை வாங்கி, மெருகிட்டுப் பொருத்தி விற்றார்கள். பிறகு பாகங்களையும் அங்கேயே கடையத் தொடங்கினார்கள். பழையதை விற்பவர் இரண்டையும் ‘அமெரிக்கத் தயாரிப்பு’ என்றே சொல்வார். விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. ஆகவே காசு கொடுக்கும் முன் பார்த்துவிடுங்கள்.

குண்டு எதுவும் இல்லை என்று ஒவ்வொரு அறையாகப் பார்த்த பிறகே மற்ற எதுவும்.

1. வெளியே தெரியும் எழுத்துகள்

குழலின் மேலுள்ள பெயரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். குழலின் அடிப்பக்கத்திலும் ஃபிரேமிலும் பொடி எழுத்துகளைத் தேடுங்கள். அமெரிக்காவின் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பின் அந்நாட்டுக்குள் வந்த துப்பாக்கியில் இறக்குமதியாளர் பெயர், ஊர், மாநிலம், செய்த நாடு ஆகியவை பொறிக்கப்பட வேண்டும். அமெரிக்க ஊர்ப் பெயரைப் பார்த்ததும் முடிவுக்கு வராதீர்கள். அது இறக்குமதியாளரின் முகவரியாக இருக்கலாம்.

2. சிலிண்டர் பின்

சிலிண்டர் சுழலும் அச்சுக் கம்பி இது. உருவிப் பாருங்கள். பூட்டு விழும் வெட்டு ஒன்று மட்டும் இருந்தால் அது பழைய கோல்ட் முறை. இரண்டு இருந்தால் பெரும்பாலும் இத்தாலியப் பின்: அதைப் பின்பக்கமாகத் தள்ளினால் சுத்தியலைத் தடுக்கும்படி, அமெரிக்க இறக்குமதிப் பாதுகாப்பு விதிக்காகச் செய்தது. ஆனால் பின்னை எவரும் மாற்றிவிடலாம் என்பதால் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

3. எஜெக்டர் குழாயின் அடியில்

சுட்ட வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளும் கம்பி இருக்கும், குழலை ஒட்டிய குழாய் இது. பலர் விட்டுவிடுவது இந்த இடத்தைத்தான். குழாயைப் பிடித்திருப்பது ஒரே ஒரு திருகு. குழலின் சுவர் மெல்லியது, அதில் மரை சில சுற்றுகளே ஓடும். ஆகவே அவசரம் கூடாது. கடையில் கிடைக்கும் ஆப்பு வடிவ ஸ்குரூடிரைவர் திருகின் தலையைக் கடித்துவிடும். இருபக்கமும் இணையாக இழைத்த நுனிதான் வேண்டும். இந்த ஒரு கருவியில் சிக்கனம் பார்க்காதீர்கள். கழற்றியதும் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். நட்சத்திரமும் அதன்கீழ் பி.என். அல்லது பி.எஸ்.எஃப். எழுத்துகளும் இருந்தால், அந்தக் குழல் இத்தாலியின் கார்டோனே வால் ட்ரோம்பியாவிலுள்ள துப்பாக்கிச் சோதனைச் சாலையைத் தாண்டி வந்தது. முன்னது கரிமருந்துச் சோதனை, பின்னது புகையில்லா மருந்துச் சோதனை.

அருகில் ஒரு கட்டத்துக்குள் இரண்டு எழுத்துகள் இருந்தால் அது ஆண்டுக் குறி. ஏ.ஏ. 1975, ஏ.இஸட். 1990, சி.ஏ. 2006. ஆங்கில அகரவரிசையை விரல்விட்டு எண்ணாதீர்கள், இடையில் பல எழுத்துகள் இல்லை: ஏ.எஃப். 1980 என்றால் அடுத்த ஆண்டு ஏ.எச். அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே முத்திரையை ஃபிரேமிலும் சிலிண்டரிலும் தனித்தனியாகத் தேடுங்கள். குழலில் இருக்கும் முத்திரை குழலுக்கு மட்டுமே சாட்சி. ஹார்ட்ஃபோர்ட் ஃபிரேமில் இத்தாலியச் சிலிண்டரை யாராவது பொருத்தியிருக்கலாம்.

4. திருகின் மரை

இத்தாலியத் திருகு மில்லிமீட்டர் கணக்கு, அமெரிக்கத் திருகு அங்குலக் கணக்கு. மரை அளவியை வைத்துப் பார்ப்பது சுலபம் என்று தோன்றும். ஆனால் 0.8 மி.மீ. மரை என்பது அங்குலத்துக்கு 31.75 சுற்று, 32 சுற்றுள்ள அளவியும் குட்டைத் திருகில் கச்சிதமாக உட்காரும். அதனால் விட்டத்தையும் வெர்னியரில் அளந்து, இரண்டும் ஒத்துப்போனால் மட்டுமே எழுதி வையுங்கள். பொருந்தாத திருகை ஃபிரேமில் திருகிச் சோதிக்கவே வேண்டாம், மரை அழிந்துவிடும்.

பிற்சேர்க்கை: ‘என் கோல்ட் 1851 நேவியில் இத்தாலிய முத்திரையே இல்லை, அப்படியானால் முழுக்க அமெரிக்கத் தயாரிப்புதானே?’ என்று ஒருவர் கேட்டார். 1971-இல் கோல்ட் மறுபடி விற்கத் தொடங்கிய கேப் அண்ட் பால் (தோட்டா இல்லாமல், மருந்தையும் குண்டையும் தனித்தனியாக இட்டு வெடிமூடி வைத்துச் சுடும்) வரிசை என்றால், இல்லை. அவற்றின் முக்கியப் பாகங்கள் இத்தாலியிலிருந்து முடிக்கப்படாத வார்ப்புகளாக வந்து, அமெரிக்காவில் இழைத்துப் பொருத்தப்பட்டவை. முழுத் துப்பாக்கியாக அங்கிருந்து புறப்படாததால் சோதனை முத்திரையும் விழவில்லை. இறக்குமதிப் பொறிப்பையும் தேட வேண்டாம். கேப் அண்ட் பால் வகையை 1968 சட்டம் துப்பாக்கியாகவே கணக்கில் எடுப்பதில்லை.