வீட்ல நடத்தற டேகேரை இன்னொருத்தர் கைல ஒப்படைக்கறது எப்படி

மேடவாக்கம் பக்கத்துல ஒரு வாடகை வீட்டு கீழ் போர்ஷன்ல எட்டு வருஷம் டேகேர் நடத்தினேன், அப்புறம் என் வீட்டுக்காரருக்கு கோயம்புத்தூர் டிரான்ஸ்ஃபர் வந்துடுச்சு. மூட மனசு வரல, நடந்துட்டு இருக்கற தொழிலாவே இன்னொரு அம்மாகிட்ட கொடுத்துட்டேன். அதுல கத்துக்கிட்டதையும் சொதப்பினதையும் சேர்த்து எழுதறேன்.

நான் என்னமோ ஏசி, கட்டில், சறுக்குமரம், பொம்மை எல்லாத்துக்கும் விலை போட்டு ஒரு லிஸ்ட் ரெடி பண்ணி வச்சிருந்தேன், ஆனா பார்க்க வந்தவங்க எல்லாரும் மொதல்ல கேட்டது "ஆயாம்மா இருப்பாங்களா?"தான். அப்பதான் புரிஞ்சுது, பழைய பொம்மையை யார் காசு கொடுத்து வாங்கப் போறா, ஆயாம்மாவும் பேரண்ட்ஸும் கூடவே வந்தாதான் இதுக்கு விலையே. அதனால விக்கலாம்னு முடிவு பண்ணினதும் மொத ஆளா ஆயாம்மாகிட்ட சொல்லுங்க. அவங்க சம்பள பாக்கி, தீபாவளிக்கு தரேன்னு வாக்கு கொடுத்தது, நடுவுல வாங்கின கைமாத்து எல்லாத்தையும் உங்க காலத்துலயே கணக்கு தீர்த்துடுங்க, புதுசா வர்றவங்க தலைல கட்டாதீங்க.

எப்ப விக்கறதுன்றது முக்கியம். ஏப்ரல் மே மாசத்துல ஆள் கூட்டிட்டு வந்து காட்டினீங்கன்னா பாதி பசங்க பாட்டி வீட்டுக்குப் போயிருப்பாங்க, பெரிய பசங்க ஜூன்ல எல்கேஜி போறாங்கன்னு நோட்டீஸ் கொடுத்திருப்பாங்க, காலி பாயைப் பார்த்தா விலையை அடிச்சுப் பேசத்தான் செய்வாங்க. ஜூன்ல புதுப் பசங்க சேர்ந்து, அழுகையெல்லாம் ஓய்ஞ்சு செட்டில் ஆன ஜூலை ஆகஸ்ட்ல காட்டுங்க. அட்டெண்டன்ஸ் நோட்டையும் ஃபீஸ் வந்த பேங்க் ஸ்டேட்மெண்ட்டையும் ஒரு வருஷத்துக்கு எடுத்து வைங்க, வாய்க்கணக்கை யாரும் நம்ப மாட்டாங்க.

அடுத்தது ஹவுஸ் ஓனர். அக்ரிமெண்ட் உங்க பேர்ல இருக்கும், அவரோட எழுத்துபூர்வ சம்மதம் இல்லாம இன்னொருத்தரை உள்ள உட்கார வைக்க முடியாது, தமிழ்நாட்டோட 2017 வாடகைச் சட்டமும் அதைத்தான் சொல்லுது. புது ஆள் பேர்ல புது அக்ரிமெண்ட் போட வைங்க, உங்க அட்வான்ஸை நீங்க ஓனர்கிட்ட வாங்கிக்கங்க, அவங்க அட்வான்ஸை அவங்க கொடுக்கட்டும். ரெண்டையும் விலையோட சேர்த்துக் குழப்பினா கடைசில யார் யாருக்கு எவ்ளோ தரணும்னே தெரியாது. ஈபி எந்த டாரிஃப்ல ஓடுது, சமையலுக்கு வீட்டு சிலிண்டரா கமர்ஷியலா, இதையெல்லாம் மறைக்காம சொல்லிடுங்க.

லைசென்ஸ் விஷயத்துல நிறைய பேருக்கு ஒரு தப்பான நெனப்பு இருக்கு. சிறு தொழிலுக்கு எடுக்கற உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன் உங்க பான் நம்பரோட ஒட்டினது, அதைத் தூக்கி இன்னொருத்தருக்கு கொடுக்க முடியாது, அவங்க புதுசாதான் எடுக்கணும். குழந்தைங்களுக்கு நீங்களே சமைச்சுப் போட எஃப்எஸ்எஸ்ஏஐங்கற உணவுப் பாதுகாப்பு சர்டிஃபிகேட் எடுத்திருந்தா அதையும் அவங்க பேருக்கு புதுசா போடச் சொல்லுங்க, உங்க பேர்ல இருக்கற சர்டிஃபிகேட்டை சுவர்ல தொங்க விட்டுட்டு வராதீங்க, நாளைக்கு ஒரு குழந்தைக்கு வயித்துக்கு ஆகலன்னா உங்க பேர்தான் வரும்.

இப்ப பணம். என்கிட்ட 14 பசங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் 5,000 ரூபா டெபாசிட், ஆக 70,000. இது என் காசு இல்ல, பேரண்ட்ஸ் காசு, நாளைக்கு குழந்தையை நிறுத்தினா புது ஓனர்கிட்டதான் கேப்பாங்க. அதனால பேசின விலை 4 லட்சம்னா கைக்கு வந்தது 3,30,000தான். இதை நான் முன்னாடியே யோசிக்கல, கையெழுத்து போடற அன்னிக்கு அந்தம்மாதான் கேட்டாங்க, மூஞ்சில ஈயாடல எனக்கு. மூணு மாச ஃபீஸை மொத்தமா கட்டினவங்க இருந்தா மிச்ச நாளுக்கான காசையும் இதே மாதிரி கழிக்கணும்.

ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதும்போது எந்தத் தேதி வரைக்கும் உள்ள பொறுப்பு உங்களோடது, எதுலேந்து அவங்களோடதுன்னு தெளிவா போடுங்க. பேரை அவங்க தொடர்ந்து வச்சுக்கலாமான்றதையும் எழுதுங்க. வாங்கறவங்க கண்டிப்பா "நீங்க பக்கத்துலயே இன்னொண்ணு ஆரம்பிக்கக் கூடாது"ன்னு கேப்பாங்க, நியாயம்தான். குட்வில்லோட, அதாவது தொழிலுக்கு இருக்கற நல்ல பேரையும் சேர்த்து விக்கும்போது அப்படி ஒரு கட்டுப்பாடு போட ஒப்பந்தச் சட்டம் 27வது பிரிவுலயே இடம் இருக்கு, ஆனா எவ்ளோ தூரம், எத்தனை வருஷம்னு நியாயமா வரையறுக்கணும். மெட்ராஸ் முழுக்க எந்தக் காலத்துலயும் கூடாதுன்னு எழுதினா ஒத்துக்காதீங்க. ஒரு வக்கீல்கிட்ட ஒருதடவை காட்டிடுங்க.

வாங்கறவங்களை நீங்களும் விசாரிக்கணும், காசு வந்தா போதும்னு இருக்காதீங்க. குழந்தைங்களை நம்பி விடற இடம். போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்லயே அப்ளை பண்ணலாம், அதை எடுத்துட்டு வரச் சொல்லுங்க, பேரண்ட்ஸ்கிட்ட காட்டவும் உதவும்.

பேரண்ட்ஸ்கிட்ட சொல்றதுலதான் நான் கோட்டை விட்டேன். எல்லாம் முடிவானப்புறம் சொல்லிக்கலாம்னு வாயை மூடிட்டு இருந்தேன், பக்கத்து அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் மூலமா விஷயம் கசிஞ்சு ஒரே வாரத்துல மூணு பேர் குழந்தையை நிறுத்திட்டாங்க. வாங்கறவங்க தர்ற அட்வான்ஸ் தொகை கைமாறின அன்னிக்கே ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு சொல்லுங்க, குரூப்ல மெசேஜ் தட்டி விடாதீங்க. குழந்தையோட ஃபைல், போட்டோ, ஆதார் காப்பி எல்லாம் புது ஆளுக்குப் போகப் போகுது, சரியான்னு கேட்டு எழுதி வாங்கிக்கங்க.

அப்புறம் ஒரு மாசமாவது ரெண்டு பேரும் சேர்ந்து நடத்துங்க, இதை மட்டும் சுருக்காதீங்க. மொத வாரம் அந்தம்மா சும்மா உட்கார்ந்து பார்க்கட்டும், ரெண்டாவது வாரம் சாப்பாடு ஊட்டட்டும், மூணாவது வாரம் காலைல வாசல்ல நின்னு குழந்தையை வாங்கறது அவங்களா இருக்கட்டும், கடைசி வாரம் நீங்க பாதி நாள் வராதீங்க. நான் ஒரு நாப்பது பக்க நோட்டுல ஒரு குழந்தைக்கு ரெண்டு பக்கம்னு எழுதிக் கொடுத்தேன். யாருக்கு வேர்க்கடலை ஆகாது, யார் ரசம் சாதத்தை மிக்ஸில அடிச்சாதான் இறக்குவான், சாயங்காலம் கூட்டிட்டுப் போக யார் யாருக்கு மட்டும் அனுமதி, இப்படி. ஒரு பொண்ணு அவங்கம்மாவோட பழைய துப்பட்டா நுனியை மூக்குகிட்ட வச்சாதான் தூங்குவா, அதைத் துவைக்கக் கூடாது, வாசனை போயிடும். அதை எழுத மறந்துட்டேன், அந்தம்மா பளிச்சுன்னு துவைச்சு காயப் போட்டுட்டாங்க, அன்னிக்கு மத்தியானம் பதினோரு பசங்களும் தூங்கல.

சில்லறை வேலை கொஞ்சம் இருக்கு. சிசிடிவி பாஸ்வேர்டை மாத்தி உங்க மொபைல்லேந்து அந்த ஆப்பை அழிச்சுடுங்க, அதை பேரண்ட்ஸ்கிட்டயும் சொல்லுங்க. கூகுள் மேப்ஸ் லிஸ்டிங்ல புது ஆளை மொதல்ல ஓனரா சேர்க்கணும், ஏழு நாள் கழிச்சுதான் முழு உரிமையை மாத்த முடியும், அதனால கடைசி நாள் வரைக்கும் விட்டு வைக்காதீங்க. போர்டுல இருக்கறது உங்க சொந்த நம்பரா, ஆதாரும் பேங்கும் அதுலதான் இருக்கா, அப்ப அந்த சிம்மைக் கொடுக்க முடியாது. விக்கற நெனப்பு வந்த உடனேயே ஒரு புது சிம் வாங்கி டேகேருக்குன்னு ஓட்ட ஆரம்பிங்க. நான் செய்யல, இன்னிக்கும் காலைல ஏழரைக்கு கோயம்புத்தூர்ல எனக்கு போன் வருது, "மேடம், இன்னிக்கு பாப்பாக்கு லேசா ஜுரம், விடலாமா?"