ஈரத்தில் கலையாத கருப்பு மை: என் அனுபவம்
கடலூரில் கார்த்திகை மழையின்போது சன்னலோரம் இருந்த என் கணக்கு நோட்டில் சாரல் பட்டு, கருப்பு மையில் எழுதியிருந்த எண்கள் ஊதாவும் சாம்பலுமாகப் பிரிந்து பரவிவிட்டன. சாதாரணக் கருப்பு மை பெரும்பாலும் நீரில் கரையும் சாயங்களின் கலவை என்பதே இதற்குக் காரணம்.

நிலைத்த மை வேண்டுமென்று வரைபடத்துக்கான இந்தியன் இங்க்கை ஊற்றுப் பேனாவில் நிரப்பவே கூடாது. அதில் சேர்க்கப்படும் அரக்கு காய்ந்து, நிப்புக்கு அடியிலுள்ள கட்டையில் மை இறங்கும் நுண்ணிய வழிகளை அடைத்துவிடும். இரும்பு உப்பும் டானின் என்ற தாவரத் துவர்ப்புப் பொருளும் சேர்ந்த மை காற்றுப் பட்டுக் கருத்து நன்றாக நிலைக்கும் என்றாலும், அதன் அமிலம் எஃகு நிப்பை அரிக்கக்கூடும். ஆகவே, ஊற்றுப் பேனாவுக்கென்றே நுண்ணிய கரித்துகள்களால் தயாராகும் பிளாட்டினம் என்ற நிறுவனத்தின் கார்பன் மையைத் தேர்ந்தெடுத்தேன். எழுதிய தாளை நன்கு உலரவிட்டுக் குழாய்த் தண்ணீரில் காட்டியபோது, தாள் துவண்டதே தவிர ஒரு கோடும் கலையவில்லை.

இந்த மைக்குப் பராமரிப்பு மிகவும் அவசியம். பேனாவை நாள்தோறும் எழுதிப் பழக்கத்தில் வைத்து, மூடியை இறுக மூடி, வேறு மையுடன் கலக்காமல், அவ்வப்போது குளிர்ந்த நீரை உறிஞ்சி வெளியேற்றி, நீர் தெளிவாக வரும்வரை கழுவ வேண்டும்.