ரிசெப்ஷன் சாப்பாட்டுக்குக் கேட்டரிங் பிடிப்பது எப்படி? (நெல்லைப் பக்கத்துக் கல்யாண வீடுகளுக்கு)

வீட்டில் கல்யாணம், சாப்பாட்டுக்கு ஆள் பார்க்கிற பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது, இதற்கு முன் அந்த வேலையைப் பார்த்ததே இல்லை என்றால் இது உங்களுக்குத்தான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கேட்டரிங்காரரையும் மெனு கார்டை வைத்து எடை போடாதீர்கள், கடைசிப் பந்தியை வைத்து எடை போடுங்கள். முதல் பந்திக்கு எல்லாருமே நன்றாகத்தான் போடுவார்கள். ராத்திரி ஒன்பதரை மணிக்கு, வேலை முடிந்து நேராக வருகிற நண்பர்களும், காலையிலிருந்து மண்டபத்தில் ஓடிக்கொண்டிருந்த மாமா, சித்தப்பாமாரும் உட்காரும்போது இலையில் என்ன விழுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் வேலை: மண்டபத்தில் கேட்பது

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். சில மண்டபங்களில் அவர்களுடைய கேட்டரிங்தான் வைக்க வேண்டும், வெளியாள் கூடாது. சிலவற்றில் வெளியாளை விடுவார்கள், ஆனால் சமையல்கூட வாடகை, பாத்திரம், கேஸ், எச்சில் இலை அள்ளுவது என்று தனித்தனியாகப் போடுவார்கள். இது தெரியாமல் கேட்டரிங்காரரிடம் விலை பேசிப் பிரயோஜனமில்லை.

அடுத்து தலைக்கணக்கு

அடித்த பத்திரிகை எண்ணிக்கை வேறு, இலை எண்ணிக்கை வேறு. ஒரு நோட்டில் ஊர் ஊராக எழுதுங்கள். உள்ளூர்க்காரர்கள் குடும்பத்தோடு வருவார்கள், ஆபீஸ்காரர்கள் பெரும்பாலும் தனியாக வருவார்கள், தூரத்துச் சொந்தம் முகூர்த்தத்துக்கு வந்தால் ரிசெப்ஷனுக்கு வராது. போட்டோகிராபர், மேளக்காரர்கள், வேன் டிரைவர்கள், மண்டபத்து வேலையாட்கள் எல்லாரையும் இதில் சேர்க்க வேண்டும், நிறைய வீடுகளில் விட்டுப்போவது இவர்கள்தான். முதல்நாள் சாயங்காலம் ரிசெப்ஷன் வைத்தால் ராத்திரி மண்டபத்தில் தங்குகிறவர்களுக்கு மறுநாள் காலை காப்பியும் டிபனும் யார் பொறுப்பு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

நம் பக்கத்தில் பஸ் நேரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். திசையன்விளைக்கும் களக்காட்டுக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் பஸ் பிடிக்க வேண்டியவர்கள், பொண்ணு மாப்பிள்ளை மேடைக்கு வருகிறார்களோ இல்லையோ, ஏழு மணிக்கெல்லாம் பந்தியில் உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் ஆறரைக்கே முதல் பந்தி போட முடியுமா என்று கேளுங்கள்.

எந்த முறையில் கொடுப்பது

சாமானை நாமே வாங்கிக் கொடுத்து, தவசுப்பிள்ளைக்கும் (சமையல்காரர்) அவர் ஆட்களுக்கும் கூலி பேசுவது பழைய முறை. நயினார்குளம் மார்க்கெட்டுக்குப் போய்க் காய் வாங்கவும், பலசரக்கைச் சரிபார்க்கவும், மிஞ்சியதைத் திருப்பிக் கொடுக்கவும் வீட்டில் விவரமான ஆள் இருந்தால் இதில் செலவு கட்டுப்படும், ருசியும் நம் கையில் இருக்கும். அப்படி ஆள் இல்லை என்றால் இலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். முதல் தடவை இறங்குகிறவர்களுக்கு இதையே சொல்வேன்.

ஆளைப் பார்ப்பது

இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஆவணிக் கல்யாணம் என்றால் ஆடியில் போய்ப் பேசுங்கள், முகூர்த்தம் இல்லாத மாதம், நின்று நிதானமாகப் பேசுவார்கள். ஆனால் தேதி மட்டும் அதற்கும் முன்னாலேயே சொல்லி வைத்திருக்க வேண்டும். பெரிய முகூர்த்த நாளில் ஒரே குழு இரண்டு மூன்று மண்டபத்தை ஒப்புக்கொள்வது உண்டு, அதனால் "அண்ணாச்சி, அன்னைக்கு வேற எங்கெல்லாம் வேலை இருக்கு? நீங்க நேர்ல நிப்பீங்களா, ஆளை அனுப்புவீங்களா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். "அதெல்லாம் பாத்துக்கிடலாம் தம்பி" என்று பதில் வந்தால் விடாமல் இன்னொரு தரம் கேளுங்கள். அப்போதும் அதே பதில்தான் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

சாம்பிளுக்கு ஒரு டிபன் கேரியரில் அனுப்புவதைச் சாப்பிட்டு முடிவெடுக்காதீர்கள். நாலு பேருக்குச் செய்வது வேறு, நானூறு பேருக்குச் செய்வது வேறு. அவர் வேலை பார்க்கிற இன்னொரு கல்யாணத்துக்கு, அந்த வீட்டாரிடம் சொல்லிவிட்டு, ஒன்பது மணிக்கு மேல் போங்கள். ஆக்குப்பறையில், அதாவது சமையல்கூடத்தில், வெந்த பதார்த்தமெல்லாம் மூடியிருக்கிறதா, நறுக்கின காய் தரையில் கிடக்கிறதா, கை கழுவ சோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பந்திக்கு வாருங்கள். அவியலில் காய் இருக்கிறதா, வெறும் தேங்காய்க் குழைவுதான் மிஞ்சியிருக்கிறதா? பற்றாக்குறை வந்தால் சாம்பாரில் வெந்நீர் ஊற்றுவார்கள், அது இலையில் விழுந்ததும் தண்ணி தனியாக ஓடும், பார்த்தாலே தெரியும். வாளியிலிருந்து ஆவி வருகிறதா என்றும் கவனியுங்கள், சூடாகப் பரிமாறுகிற உணவை 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். பரிமாறுகிறவர் இலையைப் பார்த்து நின்று கேட்கிறாரா, ஓட்டமாக ஓடுகிறாரா? பெரியவர் ஒருவர் கையை நீட்டி ரசம் கேட்டால் எவ்வளவு நேரத்தில் வருகிறது? இவ்வளவையும் பார்த்தபிறகு உங்களுக்கே முடிவு தெரிந்துவிடும்.

உணவுப் பாதுகாப்புத் துறை உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள், அந்த எண் 14 இலக்கத்தில் இருக்கும். மண்டபத்தில் 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் எரிக்க வேண்டும், வீட்டுச் சிலிண்டரைக் கொண்டுவர விடாதீர்கள்.

மெனு

பதார்த்தம் குறைவாக இருந்தாலும் ஒவ்வொன்றும் கடைசி வரை வர வேண்டும். இருபத்தைந்து ஐட்டம் போட்டு எட்டரைக்குள் பத்து காலியாவதைவிடப் பன்னிரண்டு போதும். கள்ளிடைக்குறிச்சி அப்பளம், நல்ல அல்வா, மணக்க மணக்க ஒரு ரசம் இருந்தாலே நம் ஊர்க்காரர்கள் மனசு நிறைந்துவிடும்.

தேங்காய்ப்பால் குழம்பான சொதி போடுவதாக இருந்தால், அதையே பரீட்சையாக வைத்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில்தான் சொதி, இப்போது ரிசெப்ஷனில் இடியாப்பத்துக்கும் ஆப்பத்துக்கும் வைக்கிறார்கள். இரண்டாம், மூன்றாம் பாலில் காயையும் பாசிப்பருப்பையும் சேர்த்து வேகவிட்டு, இறக்கும் சமயத்தில்தான் கெட்டியான முதல் பாலை ஊற்ற வேண்டும், அதற்குமேல் கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சம்பழம் பிழிவது இறக்கின பிறகு. ஆறு மணிக்கு மொத்தமாகக் காய்ச்சி வைத்து ஒன்பதரைக்குத் திரும்பச் சூடு பண்ணினால் எண்ணெய் பிரிந்து நிற்கும். அதனால் "எத்தனை ஈடாகப் போடுவீங்க? நூறு பேருக்கு எத்தனை தேங்காய்?" என்று கேளுங்கள். தெரிந்தவர் யோசிக்காமல் சொல்வார். கூட இஞ்சிப் பச்சடி கட்டாயம் இருக்கட்டும், தேங்காய்ப்பால் செரிக்க அது வேண்டும்.

எழுதி வாங்குவது

எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். தேதி, பந்தி தொடங்கும் நேரம், பதார்த்தங்களின் பெயர், குறைந்தபட்ச இலை எண்ணிக்கை, அதற்குமேல் போனால் இலைக்கு எவ்வளவு, ஒரு பந்திக்குப் பரிமாற எத்தனை பேர், இலை, தண்ணீர், பாத்திரம், சுத்தம் செய்வது யார் பொறுப்பு, மிஞ்சிய சாப்பாடு யாருக்கு. ஜிஎஸ்டி சேர்த்துச் சொன்ன விலையா, தனியா என்பதையும் கேட்டுவிடுங்கள். மேசையில் விரிக்கிற பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் டம்ளரும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை, பேப்பர் விரிப்பும் எவர்சில்வர் டம்ளரும் வேண்டும் என்று எழுதிவிடுங்கள். பணத்தை முழுவதும் முன்னால் கொடுக்க வேண்டாம், ஒரு பகுதியாவது வேலை முடிந்த பிறகு கொடுப்பதாக இருக்கட்டும்.

அன்றைக்கு

பந்தி விசாரிக்க ஒருவர், இலை எண்ண ஒருவர் என்று இரண்டு பேரை ஒதுக்குங்கள். இவர்களுக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள், போட்டோவுக்குக்கூடக் கூப்பிடக் கூடாது. வந்து இறங்கின இலைக்கட்டுகளை முதலிலேயே எண்ணிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பந்தி முடிந்ததும் உங்கள் ஆளும் அவர்கள் ஆளும் சேர்ந்து நோட்டில் எழுதட்டும், கடைசியில் மிஞ்சிய இலையைக் கழித்துப் பார்த்தால் கணக்கு ஒத்துவரும், கிழிந்த இலை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அதை விட்டுவிடலாம். எட்டரை மணிக்கு ஒருதரம் ஆக்குப்பறைக்குப் போய் இன்னும் எத்தனை பேர் பாக்கி என்று மாஸ்டரிடம் சொல்லுங்கள். அந்த நேரத்தில் சொன்னால் இன்னொரு உலை வைக்க அவருக்கு அவகாசம் இருக்கும், ஒன்பதரைக்குச் சொன்னால் வெந்நீர்தான். கடைசிப் பந்தியில் வீட்டு ஆட்கள் உட்காருங்கள், பரிமாறின பையன்களையும் சாப்பிட்டாச்சா என்று கேட்டு உட்கார வையுங்கள், அதன்பிறகு நோட்டைப் பார்த்துப் பாக்கிப் பணத்தை மாஸ்டர் கையில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.