காசு வாங்காதீர்கள், தாங்களே நட வையுங்கள்: முருங்கைப் போத்து வழங்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் ஆலய மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ கன்று கொடுக்கும்போது, "சும்மா கொடுத்தா மதிக்க மாட்டாங்க, அஞ்சு வெள்ளி (ரிங்கிட்) வாங்குங்க" என்று ஒருவர் சொல்வார். வாங்காதீர்கள். அந்த அஞ்சு வெள்ளி, காசில்லாத வீட்டைத்தான் வரிசையிலிருந்து விலக்கும்.

கென்யாவில் கர்ப்பிணிகளுக்குக் கொசுவலை கொடுத்து நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. இலவசமாகக் கொடுப்பதை விட்டு 0.60 டாலர் விலை வைத்ததும், வலை பெற்றவர்களின் விகிதம் 60 விழுக்காட்டுப் புள்ளி சரிந்தது. காசு கொடுத்தவர்கள் வலையைக் கூடுதலாகப் பயன்படுத்தியதாகவும் தெரியவில்லை. காசுக்குக் கொஞ்சம் வேகம் உண்டுதான். 1985இல் வெளியான அமெரிக்க நாடகச் சீட்டு ஆய்வில், முழு விலை கொடுத்தவர்கள் நாடகப் பருவத்தின் முதல் பாதியில் அதிகம் வந்தார்கள். பிற்பாதியில் அந்த வேறுபாடு நிற்கவில்லை. மரத்துக்கு அந்த அக்கறை போதாது.

தானே செய்த பொருளுக்கு மதிப்பு கூடுவதை, வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் மரச்சாமான் விற்கும் ஐகியா கடையின் பெயரால் 'ஐகியா விளைவு' என்கிறார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது இன்னொன்று: வேலையை முடிக்காதவர்களிடமும், செய்ததைக் கலைத்துவிட்டவர்களிடமும் அந்த மதிப்பு கூடவில்லை. அதனால் பாடுபட வைத்தால் மட்டும் போதாது, அது பலிக்கவும் வேண்டும். கறிவேப்பிலை விதை முளைக்கத் தாமதமாகும், அதற்குள் ஆர்வம் வடிந்துவிடும். முருங்கைப் போத்து, அதாவது நடுவதற்கு வெட்டிய கிளை, இரண்டு மூன்று வாரத்தில் துளிர்த்துவிடும். முதல் முறைக்கு அதுதான் சரி.

மூன்று நாள் முன்பே முற்றிய கிளைகளை வெட்டி நிழலில் போடுங்கள். வெட்டுவாய் உலராமல் நட்டால் அழுகும். கட்டைவிரலை விடத் தடிமனாக, 60 செ.மீ. நீளம் இருக்கட்டும். அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டினால் யாரும் தலைகீழாக நடமாட்டார்கள்.

மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு என்று தனித்தனியாகக் குவித்து வையுங்கள். கலப்பது, 30 செ.மீ. ஆழமுள்ள கறுப்பு போலிபேக்கில் (நாற்றுப் பையில்) நிரப்புவது, 20 செ.மீ. புதைத்து மண்ணை இறுக்குவது, பையில் பெயர் எழுதுவது, எல்லாம் வாங்க வந்தவர் வேலை. உதவிக்கு நிற்கும் இளைஞர்கள் அவசரப்பட்டு நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். பாட்டிமார்களுக்குப் பை பிடித்துக் கொடுத்தால் போதும். பையின் அடியில் துளை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

நம் ஊர் மழைக்குத் தினமும் தண்ணீர் தேவையில்லை. விரலை விட்டுப் பார்த்து மேல்மண் காய்ந்திருந்தால் ஊற்றச் சொல்லுங்கள். அடைமழைக் காலத்தில் கூரைக்கடியில் வைக்கட்டும்.

அதிகம் கெடுவது துளிர்த்த பிறகுதான். தண்டில் சேர்ந்த சத்திலேயே இலை வந்துவிடும், வேர் இன்னும் பிடித்திருக்காது. அப்போது ஆட்டிப் பார்ப்பதும் தரையில் மாற்றுவதும் இளவேரை அறுத்துவிடும். குறைந்தது இரண்டு மாதம் பையிலேயே இருக்கட்டும்.

மூன்றாவது வாரம் பெயர்ப்பட்டியலோடு ஒரு சுற்று போய்ப் பாருங்கள். பட்டுப்போன வீட்டுக்கு அங்கேயே வேறு போத்து கொடுத்து, அதே பையில் அவர்களையே நடச் சொல்லுங்கள்.